இரண்டாவது அடுப்பு

முருகன் துணை

விருதுநகர்
20.1.1964

சிரஞ்சீவி தம்பி கனகசபாபதிக்கு அண்ணன் பெத்தணன் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது.

முதலில் இந்தக் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். ஒவ்வொரு வரியும் மேட்டில் ஏறுகிற வண்டி மாதிரி மேலே போகிறது, பிறகு தானாகவே சரிந்துவிடுகிறது. அங்கங்கே மை கொட்டியிருப்பதும் என் கைவேலைதான். நம் வத்தல் கடைக் கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்தது என்று நினைத்துவிடாதே. நானேதான் எழுதுகிறேன். போன வருடப் பொங்கலுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கென்று சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள் அல்லவா, அதில் போய் உட்கார்ந்தேன். ஞானபூரணி டீச்சர்தான் வாத்தியார். "அண்ணாச்சி, பேனாவ மூட்டை தைக்கிற ஊசி மாதிரி பிடிக்காதீக" என்று ஒரு வருடமாகச் சொல்கிறார்கள். இன்னும் அப்படித்தான் பிடிக்கிறேன்.

உன் மதினி பேச்சியம்மாளுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. "அறுபது வயசுக்கு மேல எழுத்து எதுக்கு? எமனுக்கு மனுப் போடவா?" என்று கேட்கிறாள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தால் விளக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பதும் அவள்தான்.

படிக்கத் தெரிந்தால் உலகமே பேசுகிறது தம்பி. பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று யாரையும் கேட்பதில்லை. திருத்தங்கலில் நம் மத்தாப்புக் கம்பெனிக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பக்கமும் உள்ள போர்டுகளை எல்லாம் வாசித்துவிடுகிறேன். நேற்று நம் மத்தாப்புப் பெட்டியை எடுத்து வாசித்தேன். 'பெரியவர்கள் முன்னிலையில் கொளுத்தவும்' என்று போட்டிருக்கிறது. இத்தனை வருடமாக நாம் விற்கிற பெட்டி நல்ல புத்தி சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

இன்னொரு சமாசாரம். வரிக் கணக்குக் காகிதத்தில் கைநாட்டு வைக்க ஆடிட்டர் லட்சுமிகாந்தம் கூப்பிட்டிருந்தார். நான் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அரை நாள் ஆனது. பாவம், பொறுமையான மனிதர். இன்சூரன்ஸ் கட்டியதற்குக் கழிவு உண்டாம், பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த மகமைக்கு ரசீது இருந்தால் அதற்கும் உண்டாம். எல்லாம் சரி. ஆனால் நம் வீட்டு மாட்டுக்கு வாங்கின புண்ணாக்கு கடைச் செலவில் ஏறியிருந்தது. கணக்குப்பிள்ளை ரொம்ப நாளாக அப்படித்தான் எழுதுகிறாராம். ஆடிட்டர் கேட்டார்: "மாடு கடைக்கு வந்து வத்தல் நிறுக்குதா அண்ணாச்சி?" வீட்டுச் செலவை வீட்டோடு எழுதச் சொல்லிவிட்டேன். கைநாட்டு வைத்த காலத்தில் விரலுக்கு என்ன தெரியும்? இனிமேல் என் பேர் இருக்கிற காகிதத்தில் பொய் இருக்கக் கூடாது.

இங்கு எல்லோரும் சுகம். உன் சம்சாரம் சோலையம்மாளும் உன் மதினியும் சேர்ந்து வடகம் போடுகிறார்கள். முற்றத்தில் ஒரே சிரிப்பு. அய்யம்மாள் முன்பல் விழுந்து, "பெரியப்பா" என்பதற்குப் பதில் காற்று விடுகிறாள். எப்போதும்போல என் தட்டில்தான் சாப்பாடு. உனக்கு நாக்பூர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

இதை எழுதி முடிக்க ஆறு நாள் ஆனது. உடனே பதில் போடு. உன் எழுத்தை யார் உதவியும் இல்லாமல் நான் வாசிக்க வேண்டும்.

உன் அண்ணன்
பெத்தணன்

*

நாக்பூர்
8.2.1964

தெய்வத்துக்குச் சமமான அண்ணாச்சி அவர்களுக்கு, தம்பி கனகசபாபதி அநேக நமஸ்காரம்.

தங்கள் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்பா முகம் எனக்கு ஞாபகமில்லை. நான் எழுதப் படிக்க வேண்டும் என்று தாங்கள் மூட்டை சுமந்தீர்கள். இன்று தங்கள் கையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் குடோனில் தனியாக உட்கார்ந்து அழுதேன். இங்குள்ள லாரிக்காரர்களிடம்கூடக் காட்டினேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் பார்த்தார்கள்.

தாங்களே வரிக் காகிதம் வாசிப்பதால் ஒரு விஷயம் எழுதுகிறேன். நம்முடையது பிரியாத குடும்பம் என்று ஒரே கணக்காக இருக்கிறது. கடை வருமானம், திருத்தங்கல் கம்பெனி வருமானம், நான் இங்கே பார்க்கும் பட்டாசு ஏஜென்சி வருமானம் எல்லாம் ஒரே குவியல். குவியல் உயர உயர வரியின் விகிதமும் உயர்கிறது. பாகம் பிரிந்துவிட்டால் கணக்கு இரண்டாகும். ஆளுக்கு ஒரு கழிவு, ஆளுக்குக் குறைந்த விகிதம். இங்கே பெரிய பெரிய குடும்பங்கள் எல்லாம் இப்படித்தான் செய்துகொள்கிறார்கள்.

நாமும் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். பயப்பட வேண்டாம், காகிதத்தில்தான். வீட்டில் ஒரு செம்புகூட இடம் மாறாது. மிச்சமாகும் பணத்தில் கம்பெனிக்குப் புது ஷெட் போடலாம்.

வீட்டுப் பெண்கள் பாகம் என்ற சொல்லைக் கேட்டாலே கலங்குவார்கள். மதினிக்குத் தாங்கள் சொல்லுங்கள். சோலைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கள் தம்பி
கனகசபாபதி

*

முருகன் துணை

விருதுநகர்
1.3.1964

சிரஞ்சீவி தம்பிக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை நானே வாசித்தேன். முதல் பாதியை மூன்று தடவை வாசித்தேன். இரண்டாம் பாதியை ஒரே தடவைதான் வாசித்தேன், அதுவே போதுமாக இருந்தது.

ஆடிட்டரிடம் போய்க் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணாச்சி, பிரியறது உங்க இஷ்டம். சட்டத்துல இடம் இருக்கு. ஆனா பிரிஞ்சோம்னு எழுதிக் குடுத்தா, ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து பாப்பாக. கடை யாருக்கு, கம்பெனி யாருக்கு, வீட்ல எந்தப் பக்கம் யாருக்குன்னு அளந்து பிரிச்சிருக்கணும். பேப்பர்ல பிரிச்சிட்டு வீட்ல ஒண்ணா இருந்தா அது பாகம் இல்ல, பித்தலாட்டம். பிடிச்சா அபராதம், பேரும் போயிரும்."

"ஒரே வீட்ல இருந்து சேந்து சாப்பிட்டா?" என்று கேட்டேன். "சாப்பாட்டைச் சட்டம் கேக்காது. ஆனா வந்தவன் கேப்பான்" என்றார்.

ஆகையால் தம்பி, இரண்டே வழிதான். இப்போது இருப்பதுபோல் ஒரே கணக்காக இருந்துகொண்டு கேட்கிற வரியைக் கட்டிவிடுவோம். அல்லது பிரிந்தோம் என்று எழுதினால் பிரிந்தே இருப்போம். நடுவில் ஒன்று எனக்குத் தெரியவில்லை. என் மனசு முதல் வழியைத்தான் சொல்கிறது. கொஞ்சம் கூடக் கட்டினால் என்ன? அந்தப் பணத்தில் எங்கேயோ ஒரு அணை கட்டுவார்கள், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ரோடு போடுவார்கள். நாமும் அதில் பஸ்ஸில் போகலாம், நான் போர்டு வாசித்துக்கொண்டு வருவேன்.

யோசித்து எழுது. உன் சொல்படி செய்கிறேன்.

அண்ணன்
பெத்தணன்

*

நாக்பூர்
17.3.1964

அண்ணாச்சி அவர்களுக்கு நமஸ்காரம்.

தீபாவளிச் சீசனுக்கு முன்பணம் பிடிக்க ஊர் ஊராக அலைகிறேன். ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னிக்கவும். புது ஷெட் இல்லாவிட்டால் அடுத்த வருடம் லைசன்ஸ் கிடைப்பது கஷ்டம். கையில் நாலு காசு இருந்தால்தான் ஆகும். தயவுசெய்து பத்திரத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். பதிவுக்கு இரண்டு நாள் வந்துவிட்டுப் போகிறேன். ஆபீஸில் இருந்து வந்து பார்ப்பார்கள் என்றால், பார்க்க என்ன வேண்டுமோ அதைத் தாங்களே செய்துவையுங்கள். எல்லாம் தங்கள் பொறுப்பு.

கனகசபாபதி

*

முருகன் துணை

விருதுநகர்
30.4.1964

சிரஞ்சீவி தம்பிக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

நீ வந்த இரண்டு நாளும் காற்றுப்போல் போய்விட்டது. பதிவு ஆபீஸில் நடந்ததை நீயும் பார்த்தாய், இருந்தாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. குமாஸ்தா என் முகத்தைப் பார்த்ததும் பழக்கத்தில் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். "பேனாவைக் குடுங்க" என்றேன். நீ சிரித்தாய். பெ, த், த, ண, ன் என்று எழுதி முடிக்கும்வரை எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். பத்திரத்தில் நான் முதன்முதலாகப் போட்ட கையெழுத்து அதுதான். வெளியே வந்த பிறகுதான், எந்தப் பத்திரத்தில் போட்டோம் என்று தோன்றியது.

இனி இங்கே நடந்தது. பத்திரத்தில் உள்ளபடி வீட்டை நடுவாக அளந்தோம். மேற்குப் பாதி உனக்கு. கொத்தனார் சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டு, முற்றத்தில் இடுப்பு உயரத்துக்குச் சுவரும், உன் பாதியில் ஒரு அடுப்பங்கரையும் கட்டச் சொன்னேன். ஆடிட்டர் இவ்வளவு வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் வருகிறவர் கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஒரே அடுப்பில் பொங்கிக்கொண்டு இரண்டு குடும்பம் என்று என் வாயால் எப்படிச் சொல்ல முடியும்?

சங்கிலிமுத்து கொத்துக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். "அண்ணாச்சி, இந்த வீட்டுக்கா சுவரு?" என்றான். "கட்டுலே" என்றேன்.

பாத்திரங்களைத் திருவுளச்சீட்டுப் போட்டுப் பிரித்தோம். சீட்டு எடுத்தது அய்யம்மாள். ஒவ்வொரு சீட்டுக்கும் கைதட்டினாள். நம் அம்மாவின் வெண்கலப் பொங்கப்பானை உன் பக்கம் விழுந்தது. உன் மதினி அதைப் புளி போட்டுத் துலக்கி, அவளே தூக்கிக்கொண்டுபோய் உன் அடுப்பங்கரையில் வைத்துவிட்டு வந்து படுத்துவிட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. மாட்டை உன் பங்கில் சேர்த்திருக்கிறேன், பிள்ளைக்குப் பால் வேண்டும் அல்லவா. திருத்தங்கல் கம்பெனி இப்போது உன்னுடையது. அதனால் நான் உள்ளே போவதில்லை, கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார். வேலைக்காரப் பெண்கள் "முதலாளிக்கு மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டு விட்டார்களாம்.

சோலையம்மாள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த நாளில் இருந்து புருஷனுக்கு மூத்தவன் முன்னால் அந்தப் பிள்ளை நின்று பேசியதில்லை, நானும் பேசியதில்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். நீ தங்கியிருந்தபோது எல்லாம் விளக்கிச் சொல்லியிருப்பாய் என்று நம்புகிறேன். உன் மதினியிடமும், தம்பி அவளிடம் சொல்லிவிட்டான், நீ ஒன்றும் பேச்செடுக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அய்யம்மாள் சுவரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பெரியப்பா, எங்க வீடு எது?" என்று கேட்கிறாள். இரண்டும்தான் என்று சொல்ல வாய் வந்தது. அது பத்திரத்துக்கு விரோதம். மேற்குப் பக்கத்தைக் காட்டினேன்.

பதில் போடு.

அண்ணன்
பெத்தணன்

*

முருகன் துணை

விருதுநகர்
24.5.1964

சிரஞ்சீவி தம்பிக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நீ சுற்றுப்பயணத்தில் இருப்பாய். இதை அவசரமாக எழுதுகிறேன். எழுத்து எப்போதும் இருப்பதைவிட மோசமாக இருந்தால் காரணம் அதுதான்.

புதுச் சுவரும் அடுப்பும் காய்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று, புது அடுப்பில் பால் காய்ச்சச் சொல்லி உன் மதினியிடம் சொல்லி அனுப்பினேன். சோலையம்மாள் பற்றவைக்கவில்லை. பிள்ளைக்கு மட்டும் வெளியில் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். உன் மதினி சோறு கொண்டுபோனால் கதவைத் திறக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஏழாயிரம்பண்ணையில் இருந்து அவளுடைய அண்ணன் வந்தார். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியாது. என்னிடம் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சோலையம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றாள். இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் காதில் விழும்படி பேசினாள். அதுவும் வழக்கத்தை விடாமல், என்னைப் பார்த்து அல்ல, உன் மதினியைப் பார்த்து.

"மூத்தவுகளே சொல்லட்டும் அக்கா. நான் என்ன கொறை வச்சேன்? ஒரு நேரம் சோறு குழைஞ்சிருக்கும், ஒரு நேரம் உப்பு கூடியிருக்கும். அதுக்கா சுவரு வச்சி, அடுப்பு போட்டு, பால் காய்ச்சச் சொல்றாக? போன்னு ஒரு வார்த்தை சொன்னா நானே போயிருப்பேனே."

நானும் நேரே பேசக் கூடாது. மாடு கட்டியிருந்தது. மாட்டைப் பார்த்துச் சொன்னேன்: "ஏ தாயி, இது வரிக் கணக்குக்குப் பண்ணினதும்மா. தம்பி சொல்லலையா?"

உன் மதினிதான் கத்தினாள்: "அட பாவி மனுஷா, அவ புருஷன் சொல்லியிருந்தா அவ ஏன் பட்டினி கிடக்கா? எழுதத் தெரிஞ்ச மனுஷனுக்கு இது தெரியலையா?"

அவர்கள் நம்பவில்லை. வரிக்காக யாராவது அம்மா பானையைப் பிரிப்பார்களா என்று அவள் அண்ணன் கேட்டார். அய்யம்மாள் ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் வண்டியில் முதலில் ஏறிவிட்டாள்.

தம்பி, நீ ஏழாயிரம்பண்ணைக்கு ஒரு கடிதம் போடு. இரண்டே வரி போதும். இது நீ கேட்டுச் செய்தது, யாரும் யாரையும் அனுப்பவில்லை என்று எழுது. நான் எழுதினால் அவர்கள் பிரிக்க மாட்டார்கள்.

அண்ணன்
பெத்தணன்

*

நாக்பூர்
19.6.1964

அண்ணன் அவர்களுக்கு,

இரண்டு கடிதமும் சேர்ந்து கிடைத்தன.

காகிதத்தில் என்று நான் எழுதியிருந்தேன். ஒரு செம்பு இடம் மாறாது என்றும் எழுதியிருந்தேன். தாங்கள்தான் படிக்கிறீர்களே, அதைப் படிக்கவில்லையா?

ஏழாயிரம்பண்ணைக்கு நேரில் போய்விட்டு வந்தேன். விருதுநகர் வழியாகத்தான் போனேன், இறங்கவில்லை. அங்கே மாமனார், மச்சினன், பங்காளிகள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். "பிள்ளையில்லாத மனுஷன், சொத்து கைவிட்டுப் போயிருமோன்னு பயந்து பிரிச்சிட்டாரு" என்று பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் பாகம் கேட்டவன் நான் என்று ஆகியிருக்கும். அது தெரிந்தேதான் சும்மா இருந்தேன்.

இரண்டு நாள் ஊரில் இருந்தபோது சோலையிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? எதுவும் மாறப்போவதில்லை என்று நினைத்தேன்.

சோலையும் பிள்ளையும் இப்போது என்னோடு நாக்பூரில் இருக்கிறார்கள். அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறாள். அவளை நான் வற்புறுத்தப் போவதில்லை. மாட்டை விற்றுவிடலாம். மற்றக் காரியங்களுக்கு ஆடிட்டர் மூலம் எழுதிக்கொள்வோம்.

மதினிக்கு நமஸ்காரம்.

கனகசபாபதி

*

முருகன் துணை

விருதுநகர்
27.9.1964

சிரஞ்சீவி தம்பிக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

ஆடிட்டர் மூலம் எழுதச் சொன்னாய். ஆனால் ஆடிட்டருக்கு இங்கிலீஷில்தான் எழுத வருகிறது, எனக்கு உன்னிடம் தமிழில் சொல்ல இருக்கிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் போட்ட கடிதங்கள் கிடைத்திருக்கும்.

அவர்கள் சொன்னதில் ஒன்று தப்பு. பிள்ளையில்லாதவன் என்றார்களாம். உன்னைத் தூக்கி வளர்த்தபோது உனக்கு நடக்கவே தெரியாது. உன் மதினி கல்யாணமாகி வந்ததும் முதலில் குளிப்பாட்டியது உன்னைத்தான். அதை அங்கே யாரும் சொல்லவில்லையா?

வருமான வரி ஆபீஸில் இருந்து ஒருவர் வந்தார். சின்ன வயசு, மரியாதையான பையன். ஆடிட்டரும் கூட வந்தார். பத்திரத்தை வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். உன் அடுப்பங்கரைக்குள் போய் அடுப்பின் உள்ளே விரலால் தடவினார். சுண்ணாம்புதான் ஒட்டியது, கரி ஒட்டவில்லை.

"பெரியவரே, இந்த அடுப்பு எரிஞ்சதே இல்லையே?" என்றார்.

ஆடிட்டர் என் கையைத் தொட்டார். ஏதாவது ஒரு சமாதானம் சொல்லச் சொல்கிறார் என்று புரிந்தது. நான் உள்ளதைச் சொன்னேன்.

"எரியலைய்யா."

"அப்ப உங்க தம்பி குடும்பம் எங்க சாப்பிடுறாங்க? உங்க அடுப்புலயா?"

"இல்லய்யா. நாக்பூர்ல."

"எப்ப வருவாங்க?"

"தெரியாது."

"பேச்சுவார்த்தை இருக்கா?"

"லெட்டர் போடுறேன். பதில் வரலை."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டான். "போதும் பெரியவரே. இதுக்கு மேல நான் கேக்க ஒண்ணும் இல்ல" என்றான். உன் மதினி மோர் கொடுத்தாள். நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனான்.

ஆடிட்டரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமான பாகப்பிரிவினையைத் தாம் பார்த்ததில்லை என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

மாட்டை விற்கவில்லை. உன் மாடு, நீ சொல்லித்தான் விற்க வேண்டும், நீயும் சொல்லிவிட்டாய். இருந்தாலும் விற்கவில்லை. வாங்க வந்தவர்களுக்கு மூக்கணாங்கயிறு பிடிக்கத் தெரியவில்லை. புண்ணாக்குச் செலவை உன் கணக்கில் எழுதவில்லை, என் வீட்டுச் செலவில்தான் எழுதுகிறேன்.

அய்யம்மாளுக்கு விழுந்த பல் முளைத்ததா?

அண்ணன்
பெத்தணன்

*

முருகன் துணை

விருதுநகர்
24.1.1965

சிரஞ்சீவி தம்பி கனகசபாபதிக்கு அண்ணன் பெத்தணன் ஆசீர்வாதம்.

உனக்கு நான் முதல் கடிதம் எழுதி ஒரு வருடம் ஆகிறது. எழுத்து கொஞ்சம் நேராகியிருக்கிறதா என்று பார். ஞானபூரணி டீச்சர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். "யாருக்கு அண்ணாச்சி இம்புட்டுக் கடுதாசி எழுதுறீக?" என்று கேட்டார்கள். தம்பிக்கு என்றேன். "குடுத்து வச்ச தம்பி" என்றார்கள்.

வரி ஆபீஸில் இருந்து உத்தரவு வந்துவிட்டது. முழுவதும் இங்கிலீஷ். எழுத்துக் கற்றும் என்னால் வாசிக்க முடியாத காகிதமாகப் போய்விட்டது. ஆடிட்டர் வாசித்துச் சொன்னார். பெத்தணன், கனகசபாபதி குடும்பம் முழுமையாகப் பாகம் பிரிந்தது என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது. உன் கணக்கு வேறு, என் கணக்கு வேறு. உனக்கு உன் கழிவு, எனக்கு என் கழிவு. இனி ஒரு தொந்தரவும் வராது. நகல் ஒன்றை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். புது ஷெட்டைப் போடு. மருந்து கலக்கும் இடத்தைத் தள்ளிக் கட்டு, கிணற்றுப் பக்கம் வேண்டாம். அது என் யோசனைதான், கம்பெனி உன்னுடையது.

ஒரு தப்பு நடந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்ல வேண்டும். பொங்கல் அன்று காலை நான் குளித்துவிட்டு வரும்போது மேற்குப் பக்கத்தில் புகை தெரிந்தது. பயந்துபோய் ஓடினேன். உன் மதினி உன் அடுப்பங்கரையைத் திறந்து, அம்மாவின் பானையை எடுத்து, அந்த அடுப்பில் ஏற்றியிருந்தாள். வீடும் உன்னுடையது, அடுப்பும் உன்னுடையது, பானையும் உன்னுடையது. உன் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன். புகையாலா வேறு எதனாலா தெரியவில்லை, கண் சிவந்திருந்தது.

"கட்டுனதுல இருந்து எரியாத அடுப்பு வீட்டுக்கு ஆகாது" என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு ஓலையாக எடுத்துக் கொடுத்தேன். பொங்கியது. வழக்கம்போல எல்லோருக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டிருக்கிறாள், அந்தக் கைக்கு வேறு அளவு தெரியாது. மிச்சத்தைச் சங்கிலிமுத்து வீட்டுக்குக் கொடுத்தோம், மாட்டுக்கும் வைத்தோம். இப்போது அந்த ஆபீஸ் பையன் வந்து விரலால் தடவினால் கரி ஒட்டும். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்கு விரோதமாக நடந்தது இதுதான் முதல் தடவை. எனக்கு வருத்தமில்லை.

மறுநாள் ஆடிட்டரிடம் போனேன். பிரிந்தவர்கள் மறுபடி சேர்ந்துவிட்டோம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அண்ணன் தம்பி என்றால் சட்டத்தில் அதற்கும் இடம் உண்டாம். வரி கூடும், பழையபடி ஒரே குவியலாகிவிடும். "ஆனா ரெண்டு பேரு மனசும் வேணும் அண்ணாச்சி. ஒருத்தர் மட்டும் எழுதிக் குடுத்தா செல்லாது" என்றார்.

காகிதத்தில் மட்டும் என்று நீ எழுதியதை நான் அப்போதே சரியாக வாசித்திருந்தேன் தம்பி. வாசிக்கத் தெரியாமல் செய்யவில்லை. எழுதியதெல்லாம் உண்மையாக இருந்தால் யாருக்கும் கெடுதல் வராது என்று நினைத்துவிட்டேன். புதிதாகக் கற்றவன் அல்லவா.

என் பங்குச் சம்மதத்தை இந்தக் கடிதத்தின் கீழேயே வைத்திருக்கிறேன். என் கையெழுத்து உனக்கு இன்னும் பழகாதது. அதனால் பக்கத்தில் கைநாட்டும் வைத்திருக்கிறேன், அது நீ சின்ன வயதில் இருந்து பார்த்தது. உன் இடம் காலியாக இருக்கிறது. அவசரமில்லை.

சோலையம்மாளுக்கு இதை வாசித்துக் காட்டு. மூத்தவன் அவளிடம் நேரே பேசக் கூடாது, ஆனால் எழுதக் கூடாது என்று வழக்கம் இல்லை. ஏனென்றால் நம் வீட்டில் எந்த மூத்தவனுக்கும் எழுதத் தெரிந்ததில்லை. தாயி, நீ ஒரு குறையும் வைக்கவில்லை.

பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் இந்த நாளில் தபால்காரரிடம் என் கடிதம் இருக்கும். ஒரு கடிதம் எழுத எனக்கு ஒரு வாரம் ஆகிறது. ஆகவே அதை இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்.

உன் அண்ணன்
பெத்தணன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

தம்பி: